“எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே!” – பிள்ளைகளின் பிரஷர் பற்றிக் கேள்வி பதில்

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பிரஷர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. 26 வருஷம் நர்ஸ், அதில் கடைசி 11 வருஷம் டயாலிசிஸ் பிரிவு. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். மற்றதைப் பேசுவோம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்குப் பள்ளி முகாமில் 148/92 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனோ “மெஷின் தப்பு” என்கிறான். எதை நம்புவது? (திருப்பூரிலிருந்து ஓர் அம்மா)

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். முகாமில் எப்படி அளப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி அளந்தவள்தான். வரிசையில் தள்ளுமுள்ளு, உட்கார்ந்த உடனே சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி ஓர் அமுக்கு, பின்னால் நிற்கும் நண்பன் கிச்சுகிச்சு மூட்டுவான். அதில் 148 வந்தால் ஆச்சரியமில்லை.

அதற்காகக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் எண் இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம், இரண்டாவது அது தளரும்போது இருப்பது. ஒரே எண்ணாகச் சொன்னால் அது முதல் எண். 13 வயதுக்கு மேல் 120/80க்குக் கீழே இருந்தால் சரி. 130/80ஐத் தொட்டால் பிரஷர் என்று யோசிக்க வேண்டும். 140/90ஐத் தாண்டினால் ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகன் இந்தக் கடைசி வகை. 180/120ஐத் தாண்டினாலோ, கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று எதுவும் சேர்ந்தாலோ ஒரு வாரம் என்ற பேச்சே கிடையாது, அப்போதே கிளம்பிவிடுங்கள்.

சரியாக அளப்பது எப்படி? அரை மணி நேரத்துக்கு முன்பே காபி, ஓட்டம் எல்லாம் நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும். போன் கையில் இருக்கக் கூடாது. (இந்த ஐந்து நிமிஷம்தான் பெரிய போராட்டம்.) வலது கையை மேஜை மீது நெஞ்சு உயரத்தில் வைத்து, வெறும் தோலில் பட்டையைக் கட்டுங்கள். பட்டை அளவு முக்கியம். கொஞ்சம் பருமனான பையனுக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஒல்லிக் கைக்குப் பெரியதைக் கட்டினால் இருப்பதை மறைக்கும். வாங்கும்போது கடைக்குப் பையனையும் கூட்டிப் போய்க் கட்டிப் பாருங்கள்.

வெவ்வேறு நாளில் மூன்று முறை டாக்டரிடம் அளந்த பிறகே முடிவு சொல்வார்கள். ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே ஏறும் பிள்ளைகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிவிடும் கருவி இருக்கிறது. தூக்கத்திலும் அதுவாகவே அளந்து பதிந்துகொள்ளும்.

“மெஷின் தப்பா சரியான்னு நீயே கண்டுபிடிடா” என்று அவனிடமே விட்டுவிடுங்கள். வாதாடுகிற பையன்தான் கவனமாக அளப்பான்.

கேள்வி: தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. “எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே” என்கிறான். பக்கவாதம் வரும், கிட்னி போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறான். இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். (ஓர் அப்பா)

அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது. ‘ரத்தக்கொதிப்பு’ என்று நாம் வைத்த பெயரே ஒரு தொல்லை. கொதிப்பு என்றதும் கோபம், முகச்சிவப்பு, நரம்பு புடைப்பு என்று மனசில் ஓடுகிறது. அமைதியான பையன் “நான் கோபப்படுறதே இல்லையே” என்பான். கோபத்துக்கும் இதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. குழாயில் அழுத்தம் கூடினால் பம்பு கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அப்படியே வருஷக்கணக்கில் ஓடினால் இதயத்தின் இடதுபக்கச் சுவர் தடித்துப் போகும். கிட்னியில் இருக்கிற பொடி நாளங்களும் கெடும்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஊரெல்லாம் பட்டை கட்டியவள், என் பையனுக்குக் கட்டிப் பார்க்கவே இல்லை. 15 வயதில் விளையாட்டுப் போட்டிக்காக ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கப் போனபோது 136/86. நான் என்ன செய்தேன் தெரியுமா? டயாலிசிஸ் பிரிவில் பார்த்ததை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட்டேன். மூன்று மாதம். விளைவு, அவன் வீட்டில் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டு வெளியே பரோட்டா சாப்பிட்டான்.

ஒரு நாள் சலித்துப்போய் மெஷினைத் தூக்கி அவன் அறையில் வைத்துவிட்டேன். நான் கேட்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்கள். நன்றாகத் தூங்கிய ஞாயிறு காலை 124. இரவு இரண்டு மணி வரை விளையாடிவிட்டு எழுந்த காலை 138, பக்கத்தில் கேள்விக்குறி. அன்றே சீக்கிரம் படுத்துவிட்டான் என்று சொன்னால் பொய். ஆனால், “அம்மா, தூக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?” என்று அவனாகக் கேட்டான்.

அதனால் முப்பது வருஷம் கழித்து வரப்போவதைச் சொல்லி மிரட்ட வேண்டாம். இன்றைக்குத் தெரிகிற எண்ணைக் கொடுங்கள். எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்தால் அந்தத் திரையை அவனையும் பார்க்க விடச் சொல்லுங்கள், டாக்டர் அவனிடம் நேராகப் பேசட்டும். ஐந்து நிமிஷம் நீங்கள் வெளியே இருங்கள். சிகரெட், எனர்ஜி டிரிங்க் போன்றவை உங்கள் முன்னால் வாயில் வராது.

இன்னொன்று, கடைசியாக உங்கள் பிரஷரை எப்போது அளந்தீர்கள்? முதலில் உங்கள் கையில் கட்டி அவனை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டாக்டர் காலிலும் பிரஷர் பார்த்தார், கிட்னி ஸ்கேன் எழுதினார். பிரஷருக்கு எதற்கு இதெல்லாம்? பணம் பிடுங்கவா?

இல்லை. சின்ன வயதில் பிரஷர் என்றால் பின்னால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். காலில் கையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய நாளம் வழியில் குறுகியிருக்கலாம்; பிறவியிலேயே வருவது, சரிசெய்யக்கூடியது. கிட்னி முக்கியமான சந்தேகம். கைக்குழந்தையில் அடிக்கடி காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் கிட்னியில் தழும்பு விழுந்திருக்கலாம், பிரஷர் அதிலிருந்தும் வரும். அப்படி வந்திருந்தாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, இரவில் பலமாகக் குறட்டை விட்டாலோ கேட்காமலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, வயசு 17. போன மாசம்தான் பிரஷர்னு சொன்னாங்க, 144 இருந்துச்சு. ஜிம்முக்குப் போறேன். ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் எடுக்கிறேன். விட்டுடணுமா?

தம்பி, நீயாகக் கேட்டதற்கு முதலில் சந்தோஷம். ஜிம்மை விட வேண்டாம், பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கும் அந்தப் பவுடரை விடு. அந்த டப்பாவின் பின்பக்கத்தைப் படி, பெரும்பாலும் காஃபீன்தான் கொட்டிக் கிடக்கும். எனர்ஜி டிரிங்க்கும் அதே கதை. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உடம்பு ஏற யாராவது ‘ஊசி’ என்று பேச்செடுத்தால் அந்த ஜிம்மையே மாற்று.

140க்கு மேல் இருக்கிறவரை பெரிய எடை தூக்காதே. மூச்சைப் பிடித்துத் தூக்கும் அந்த நொடியில் பிரஷர் எகிறும். ஓடு, சைக்கிள் ஓட்டு, நீந்து, பந்து விளையாடு. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பிரஷர் கட்டுக்குள் வந்ததும் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடைக்குத் திரும்பலாம். உடம்பு வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல். சிலது பிரஷரையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும்.

கேள்வி: அவனுக்கு மட்டும் உப்பில்லாமல் தனிக் குழம்பு வைக்கிறேன். தொடமாட்டேன் என்கிறான். இந்துப்பு போடலாமா?

தனிக் குழம்பை நிறுத்துங்கள். எல்லோரும் வத்தக்குழம்பு சாப்பிட, அவன் மட்டும் நோயாளித் தட்டோடு உட்கார்ந்தால் எந்தப் பையன் தொடுவான்? வீட்டுக்கே ஒரு குழம்பு, எல்லோருக்கும் கொஞ்சம் குறைவான உப்பு. மெதுவாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன், என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்துப்பும் அடிப்படையில் அதே உப்புதான். ‘லோ சோடியம்’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். கிட்னி கோளாறு இருந்தாலோ எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுத்தாலோ கேட்காமல் வாங்காதீர்கள்.

உண்மையில் குழம்பைவிடத் தட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு. அப்புறம் சிப்ஸும் நூடுல்ஸும். பாக்கெட்டில் உப்பு என்று போடமாட்டார்கள், சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கச் சொல்லுங்கள். 1000 என்று இருந்தால் 2.5 கிராம் உப்பு, அன்றைய பங்கில் பாதி. அவனே கணக்குப் போடட்டும்.

கேள்வி: அதிமதுரக் கஷாயம் நல்லது என்று மாமியார் தினமும் தருகிறார்.

இருமலுக்கு எப்போதாவது என்றால் வேறு விஷயம். தினமும் வேண்டாம். அதிமதுரம் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மாமியாரிடம் டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், சண்டை வராது.

கேள்வி: மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள், 18 வயது. மாத்திரையை ஒளித்து வைக்கிறாள், பாதி நாள் போடுவதில்லை. வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன ஆகும் என்று எனக்கும் பயம். யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் சொன்னேன்.

ஒளிக்கச் சொன்னது நீங்கள், அவள் நன்றாகவே ஒளிக்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அறைத் தோழிக்குத் தெரியாமல் எட்டு மணிக்கு மாத்திரை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு தோழிக்காவது சொல்லிக்கொள்ளட்டும்.

ஏன் விடுகிறாள் என்பதையும் கேளுங்கள். ‘மறதி’ என்பாள். எனலாப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும். வகுப்பில் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருப்பவள் மாத்திரையைத்தான் விடுவாள். சொன்னால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுப் போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

கல்யாணத்தைப் பற்றிய உங்கள் பயத்தில் ஒரு விஷயம் மட்டும் நிஜமாக முக்கியம். எனலாப்ரில், லோசார்டன் போன்றவை கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து. எந்த மாத்திரை போடுகிறாள் என்பது அவளுக்கே பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம் முடிவானதும் டாக்டரிடம் மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டியவள் அவள்தான்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு வயசு 15. என் பி.பி.யை அம்மா ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டியிருக்காங்க. வர்றவங்க எல்லாம் படிச்சுட்டு “இந்த வயசுலயா?”னு கேக்குறாங்க. அதனாலதான் அளக்கவே பிடிக்கல.

கழற்றி உன் அறைக்கு எடுத்துப் போய்விடு. திங்கள், வியாழன் காலை நீயே அளந்து எழுது. டாக்டரிடம் போகும் அன்றைக்கு மட்டும் அம்மாவிடம் காட்டினால் போதும். 140க்கு மேல் வந்தால் மட்டும் அன்றே சொல்லிவிடு. அம்மா கேட்டால் நான் சொன்னேன் என்று சொல், இந்தப் பதிலையே காட்டு.