பல வருஷம் ஓடாத கார்டன் டிராக்டரைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: ஏழெட்டு வருஷமாகக் கொட்டகையில் கிடக்கும் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் கார்டன் டிராக்டர். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும் வகை. பனி விழுவதற்குள் ஓட வைத்து, முன்பக்கம் பிளேடு மாட்டி வீட்டுப் பாதையில் பனி தள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எதற்குக் காசு செலவழிப்பது?

ஓட வைத்துவிடலாம். ஆனால் இதமான ஒரு மத்தியானத்தில் ஓடுவதும், எல்லாம் உறைந்து கிடக்கும் அதிகாலையில் ஓடுவதும் ஒன்றல்ல. பலர் முதலாவதோடு திருப்தியாகி, முதல் பனி விழுந்த அன்று மண்வெட்டியைத் தேடுகிறார்கள். உங்கள் வேலையை இரண்டாவதை மனதில் வைத்தே செய்யுங்கள்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பிறகு ஃபிளைவீலைக் கையால் சுற்றுங்கள். முழுச் சுற்றும் தடங்கலில்லாமல் வந்தால் நல்லது. எங்காவது கெட்டியாக நின்றால் ஸ்டார்ட்டரைக் கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் கொஞ்சம் பொறுமை. எஞ்சினை மூடியிருக்கும் தகட்டு உறையையும் கழற்றியே ஆக வேண்டும். உள்ளே எலி கூடு கட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காற்றால் குளிரும் எஞ்சின் இது. காற்றுப் பாதை அடைத்தால் பனியில் நின்றாலும் சூடேறிக் கெடும்.

ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் கோட்டைத் தாண்டியிருந்தாலோ கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃபுளோட் ஊசி சரியாக மூடவில்லை, பெட்ரோல் மெல்லக் கசிந்து எஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி நீர்த்த ஆயிலோடு எஞ்சினை ஓட விட்டால் பேரிங் போய்விடும். வாடை இல்லாவிட்டாலும் ஆயிலை மாற்றத்தான் வேண்டும், அதைக் குளிருக்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள். கோடையில் ஊற்றும் எஸ்ஏஇ 30 ஆயில் சுமார் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கெட்டியாகி, ஸ்டார்ட்டரைத் திணற அடிக்கும். குளிரிலும் இளகலாக இருக்கும் 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றினால் எஞ்சின் லேசாகச் சுற்றும். இந்தப் பட்டியலிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன்.

அடுத்து பெட்ரோல். பழையதில் ஒரு சொட்டுக்கூட வைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறும்போது தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேங்கை முழுசாக வடித்து, ரப்பர் குழாயையும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். வளைத்தால் வெடிப்பு தெரியும் குழாயைச் சேமித்து என்ன ஆகப்போகிறது? கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தில் படிந்த பிசினைத் துடைத்து, பெட்ரோல் பாயும் ஜெட் என்ற நுண்துளைகளில் கிளீனர் அடித்து, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். இரும்புக் கம்பி விட்டுக் குத்த வேண்டாம். துளை மயிரிழை பெரிதானாலும் எரிபொருள் அளவு மாறிவிடும். மாற்று கார்புரேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் பழைய எஞ்சினோடு வந்த அசல் கார்புரேட்டர் உடைந்திருந்தாலொழிய அதைக் கழுவி மாட்டுவதையே நான் விரும்புவேன்.

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டியதும் பலர் கோட்டை விடும் இடம் சோக், அதாவது குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் தகடு. அதன் நெம்புகோலை முழுசாக இழுத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். அந்த வட்டத் தகடு துளையை முழுக்க மூட வேண்டும். கேபிள் கொஞ்சம் தளர்ந்து தகடு முக்கால்வாசி மட்டும் மூடினால், வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் நிறைய பெட்ரோல் போனால்தான் பற்றும். அந்தக் கால்வாசி இடைவெளி போதும், எஞ்சின் இருமிக்கொண்டே பற்றாமல் நிற்கும். கோடையில் வாங்கி வைத்த பெட்ரோலையும் பனிக்காலத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். குளிர்காலத்தில் விற்பது எளிதில் ஆவியாகும்படி கலக்கப்பட்டது.

பொறிக்குப் புதுப் பிளக் போடுங்கள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது 0.76 மில்லிமீட்டர், உங்களுடையதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர் எஞ்சின்களில் பாயிண்ட் இருக்கும், அதாவது பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச். சும்மா கிடந்ததில் அதன் முகம் மங்கி மின்சாரம் பாயாது. தேய்த்துச் சுத்தம் செய்து இடைவெளியை 0.020 அங்குலம் வையுங்கள். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்ற நினைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி பேட்டரி. சார்ஜ் நிறைந்து ஓய்ந்த நிலையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். குளிரக் குளிர அதன் பலம் வெகுவாகக் குறையும், அதே நேரத்தில் எஞ்சின் கேட்கும் பலம் கூடும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்து வெடிப்பு விடும். உறைந்துபோனதைச் சார்ஜில் போடவே கூடாது. ஆனால் ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுற்றினால் உடனே பேட்டரி வாங்க ஓடாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் கேபிள், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டி உலோகத்தோடு இணைக்கும் ஒயர். பழைய டிராக்டர்களில் இந்தக் கேபிள் துருவேறிய சட்டத்தில் முடுக்கப்பட்டிருக்கும். பெயின்டைச் சுரண்டி, பளபளப்பான உலோகத்தில் முடுக்கினால் பாதி வண்டிகள் உயிர் பெறும். சாவியைத் திருப்பியும் ஒரு சத்தமும் இல்லையென்றால் சீட்டுக்கு அடியிலும் பெடலிலும் உள்ள பாதுகாப்பு சுவிட்சுகளைப் பாருங்கள். பழுதானால் மாற்றுங்கள், ஒயரை நேராக இணைத்துவிட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனதும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வண்டியை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவதும் நல்லதல்ல. எஞ்சினுக்குள் ஈரம் தங்கி ஆயில் வெண்ணிறமாகத் திரியும். அரை மணி நேரமாவது ஓடட்டும்.

கியர் பாக்ஸை யாரும் நினைப்பதில்லை. வருஷக்கணக்கில் அதற்குள் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், அது உறைந்தால் கியர் அசையாது. பல நாள் நின்ற வண்டியின் வடிகால் திருகை லேசாகத் தளர்த்துங்கள். ஆயிலைவிடக் கனமானதால் முதலில் தண்ணீர்தான் வரும். வந்தால் முழுசாக மாற்றிவிடுங்கள்.

பனி தள்ளப் பிடிமானம் வேண்டும். எஞ்சின் குதிரைத்திறனைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் சங்கிலியை மறந்துவிடுகிறார்கள். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி, கூடவே சக்கரத்தில் இரும்பு எடை. பிளேடு முன்னால் தொங்குவதால் பின்பக்கம் கனம் குறைவாகவே இருக்கும். சரளைக்கல் பாதையென்றால் பிளேடைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் அடிக்காலணியைச் சற்று இறக்கி வையுங்கள், இல்லையென்றால் வசந்தத்தில் கல்லையெல்லாம் புல்வெளியில் பொறுக்குவீர்கள். முதல் பனியிலேயே பாதையைத் தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளி வையுங்கள். ஓரத்தில் குவிந்த பனி இறுகிக் கல்லாகும். அடுத்தடுத்த பனிக்கு இடமில்லாமல் பாதை குறுகிக்கொண்டே வரும், இறுகியதைத் தள்ளும் பலம் இந்தச் சின்ன வண்டிக்குக் கிடையாது.