கருவில் கையும் காலும்: கேள்வி பதில்

கேள்வி: கருவில் கை எப்போது முளைக்கிறது? அது நீள்வது எப்படி?

பதில்: கருவுற்ற நான்காம் வாரக் கடைசியில், உடலின் பக்கவாட்டில் சின்னப் புடைப்பாகத் தெரியும். இதை மொட்டு என்பார்கள். கால் மொட்டு ஓரிரு நாள் பிந்தி வரும். மொட்டின் உள்ளே இருக்கும் செல்கள் எஃப்.ஜி.எஃப்.10 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கிடைத்ததும் நுனித் தோல் ஒரு வரம்பாகத் தடித்து, பதிலுக்கு எஃப்.ஜி.எஃப்.8-ஐச் சுரக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும்வரை மொட்டு நீளும். 1948-இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் கோழிக் கருவின் இறக்கை மொட்டிலிருந்து அந்த வரம்பை வெட்டி எடுத்துப் பார்த்தார். சீக்கிரமே வெட்டியபோது தோள்பக்கத்து எலும்போடு வளர்ச்சி நின்றது. தாமதித்து வெட்டியபோது நுனிப் பகுதி மட்டும் இல்லாமல் போனது.

கேள்வி: கட்டைவிரல் இந்தப் பக்கம், சுண்டுவிரல் அந்தப் பக்கம் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

பதில்: இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சுண்டுவிரல் வரப்போகும் ஓரத்தில் ஒரு சிறு செல் கூட்டம் இருக்கிறது. அதை எடுத்து இன்னொரு கோழிக் கருவில் எதிர் ஓரத்தில் ஒட்டினால், மூன்று விரல் வர வேண்டிய இறக்கையில் ஆறு வரும். கோழி இறக்கையின் மூன்று விரல்களுக்கு 2, 3, 4 என்று எண் கொடுப்பார்கள்; ஆறும் கண்ணாடியில் பார்ப்பதுபோல 4-3-2-2-3-4 என்ற வரிசையில் வரும்! அந்தக் கூட்டம் சுரப்பது சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் என்று 1993-இல் தெரியவந்தது. சுரக்கும் இடத்துக்கு அருகில் அது அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதைப் பொறுத்து விரல் அமைகிறது. கட்டைவிரலுக்கு மட்டும் அது தேவையே இல்லை.

கேள்வி: என் பையனுக்குப் பிறவியிலேயே கட்டைவிரல் பக்கம் ஓர் விரல் கூடுதல். கர்ப்பத்தில் நான் ஏதும் தப்பாகச் செய்துவிட்டேனா?

பதில்: உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் அம்மா. இதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று, சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற டி.என்.ஏ. பகுதியில் ஓர் எழுத்து மாறியிருப்பது. அந்த சுவிட்ச் மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அது மாறினால் கட்டைவிரல் பக்கத்திலும் புரதம் சுரந்து விரல் கூடலாம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்று விசாரித்து, மரபியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கேள்வி: வாத்துக் காலில் மட்டும் ஏன் சவ்வு?

பதில்: நம் விரல்களுக்கு நடுவிலும் முதலில் சவ்வு உண்டு. பி.எம்.பி. என்ற புரதம் சொல்ல, அங்குள்ள செல்கள் மடிந்துவிடுகின்றன. வாத்தில் கிரெம்லின் என்ற புரதம் அதைத் தடுத்துவிடுகிறது. கோழிக் கருவின் விரலிடையில் கிரெம்லின் தோய்ந்த நுண்மணியை வைத்தால் கோழிக்கும் சவ்வு நிற்கும்.