முன்சக்கர 'கரகர' சத்தம்: எண்ணெய் போதாது, பிரித்துவிடுங்கள்

காசிமேட்டு நண்பருக்கு, மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் சைக்கிளை இறக்கியதிலிருந்து முன்சக்கரம் கரகரக்கிறது, எண்ணெய் விட்டும் போகவில்லை என்கிறீர்கள். எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். இருக்கும் கிரீஸையும் அது கரைத்து, மண்ணை இன்னும் உள்ளே இழுக்கும்.

சக்கரத்தைக் கழற்றி, அச்சின் ஒரு பக்க லாக் நட்டையும் (வெளியே பூட்டும் நட்டு), அதற்கு உள்ளே இருக்கும் கோனையும் (குண்டுகள் உருளும் கூம்பு வடிவ நட்டு) மட்டும் திருகி எடுங்கள். கீழே துணி விரிக்க மறக்காதீர்கள், உள்ளிருக்கும் பேரிங் குண்டுகள் உருண்டோடும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பால்பாயிண்ட் பேனா முனையால் கோனின் தடத்தை வருடிப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் குழி விழுந்திருக்கிறது, கோனை மாற்றியே ஆக வேண்டும். கடலோர உப்புக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். குண்டுகளை மொத்தமாகப் புதிதாகப் போடுங்கள், பழையதோடு கலக்க வேண்டாம். முன்சக்கரத்தில் பெரும்பாலும் பக்கத்துக்கு 10 குண்டுகள், ஒவ்வொன்றும் 3/16 அங்குலம். ஆனாலும் பழைய குண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோவதுதான் நல்லது.

குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பில் கிரீஸைத் தாராளமாக அப்பி, குண்டுகளை அதில் பதித்து மூடுங்கள். கோனை விரலால் இறுக்கி, அதை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே லாக் நட்டை முடுக்குங்கள். சக்கரம் பக்கவாட்டில் ஆடக்கூடாது. தூக்கிப் பிடித்து விட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோனைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்துங்கள்.