ஸ்டீராய்டை நிறுத்தலாமா டாக்டர்? – செல்லப்பிராணிகள் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாய் ரோஸிக்கு ஆறு வயது. ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. ஈறு சுத்தமாக வெளுத்துப்போய், சிறுநீர் கரும் ஆரஞ்சு நிறத்தில் போனது. பரிசோதித்தால் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 14. உடலின் எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுக்களை அழிக்கிறது என்று சொல்லி, ரத்தம் ஏற்றி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும் ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. இப்போது 33. பழையபடி வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறாள், வீட்டுக்குள் அசுத்தம் செய்தே அறியாதவள் ராத்திரியில் ஹாலிலேயே சிறுநீர் போய்விடுகிறாள். எவ்வளவு வைத்தாலும் பசி. எப்போதும் மூச்சு வாங்குகிறது. தொடை வற்றி, வயிறு தொங்குகிறது. "ரத்தம்தான் ஏறிவிட்டதே, ஸ்டீராய்டை நிறுத்து" என்கிறார் கணவர். இரும்புச்சத்து டானிக் கொடுக்கச் சொல்கிறாள் அக்கா. அடுத்த மாதம் தடுப்பூசி வேறு போட வேண்டும். என்ன செய்யட்டும் டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 14-இலிருந்து 33-க்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்த நோயில் உயிருக்கு அதிக ஆபத்து முதல் இரண்டு வாரங்களில்தான். அதைத் தாண்டியதற்கு உங்களுக்கும் உங்கள் டாக்டருக்கும் என் மனமார்ந்த பாராட்டு. இனி உங்கள் கணவருக்கு: தயவுசெய்து ஒருவேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். ரோஸியின் உடல் தன் சிவப்பணுக்களையே அந்நியமாக நினைத்து, அவற்றின் மேல் எதிர்ப்பொருளை ஒட்டிவிடுகிறது. மண்ணீரலும் கல்லீரலும் அந்த அடையாளத்தைப் பார்த்து அவற்றை அழித்துவிடுகின்றன. மருந்து இந்த வேலையை அடக்கிவைத்திருப்பதால்தான் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. ஆரோக்கியமான நாய்க்குப் பி.சி.வி. ஏறக்குறைய 37 முதல் 55 வரை இருக்கும். ரோஸி இன்னும் அந்த வாசலுக்கே வரவில்லை. இந்த நேரத்தில் மருந்தை விட்டால் அழிவு மறுபடி ஆரம்பித்துவிடும். இரண்டாவது ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் உடலுக்குள்ளேயே ஸ்டீராய்டு சுரக்கும் அவளுடைய அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மாத்திரை நின்றால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, தளர்ச்சி, மயக்கம் என்று நாய் சுருண்டு விழுந்துவிடும்.

எப்போது குறைப்பார்கள்? அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று உண்டு. பி.சி.வி. 30-க்கு மேல் இரண்டு வாரம் நிலையாக நின்று, ரத்தப் பரிசோதனையின் மற்ற அறிகுறிகளும் தெளிந்தால், ஸ்டீராய்டில் கால் பங்கைக் குறைப்பார்கள். சுமார் மூன்று வாரம் கழித்துப் பரிசோதித்து, இறங்கவில்லை என்றால் அடுத்த கால் பங்கு. இப்படியே போனால் மொத்தம் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பக்கவிளைவு தாங்க முடியாமல் இருந்தால் டாக்டர் கொஞ்சம் வேகமாகவும் இறக்குவார். ரோஸிக்கு மைக்கோஃபினோலேட்டும் சேர்த்துக் கொடுப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டு. ஆகவே "எப்போது நிறுத்தலாம்" என்று கேட்காமல், "அடுத்து எப்போது, எவ்வளவு குறைக்கலாம்" என்று அவரிடம் கேளுங்கள். நீங்கள் எழுதியதை எல்லாம் அவரிடமும் சொல்லுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அது அவருக்கு மிகவும் தேவை.

அடுத்தது, அந்த ஹால். அவளைத் திட்டாதீர்கள் அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்டீராய்டு சிறுநீரையும் தாகத்தையும் சேர்த்தே கூட்டுகிறது, அது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அடக்க முடியாமல் போகிறாள், பழக்கம் கெட்டுப்போகவில்லை. தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள். தூங்கப் போகும்முன் ஒருமுறை, நடுராத்திரியில் ஒருமுறை வெளியே அழைத்துப்போங்கள். படுக்கைக்கு அடியில் நீர் உறிஞ்சும் விரிப்பு போடுங்கள். ஒருநாளைக்கு ஒருவேளை மாத்திரை என்றால் காலையில் கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். துளித்துளியாக, முக்கிக்கொண்டு போனால் மட்டும் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது சிறுநீர்த் தொற்று சத்தமில்லாமல் வரும்.

பசிக்கு அதே அளவு உணவை நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். கூட்ட வேண்டாம். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். தொடைச் சதை, ஸ்டீராய்டு குறையக் குறையத் திரும்ப வரும்.

மூச்சு வாங்குவதை நான் இவ்வளவு லேசாக விடமாட்டேன். ஸ்டீராய்டாலும் இரைக்கும், ரத்தம் குறைந்தாலும் இரைக்கும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தாலும் இரைக்கும். இந்த நோயில் ரத்தம் உறையும் போக்கு அதிகம், அதனால்தான் பல நாய்களுக்குக் க்ளோபிடோக்ரலும் சேர்த்துத் தருகிறோம். ரோஸிக்குத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறுபாடு கண்டுபிடிக்க எளிய வழி: அவள் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தூக்கத்திலும் அதற்கு மேலேயே நின்றால் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். திடீரென்று மூச்சு திணறினாலோ நிலைகுலைந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தினமும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஈறைப் பாருங்கள். ஜன்னல் ஓரம் நல்லது, ராத்திரி விளக்கில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஜா நிறமாக வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். சிறுநீரை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பாருங்கள். ஈறு வெளிறுவது, கண் வெள்ளை மஞ்சளாவது, டிஷ்யூவில் ஆரஞ்சோ பழுப்போ தெரிவது, மலம் தார் போலக் கறுப்பாவது (இது வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிவதன் அடையாளம்), இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். மருந்தைக் குறைத்த பிறகு வரும் நாட்களில்தான் இந்தக் கவனம் ரொம்ப முக்கியம். சில நாய்களுக்கு நோய் திரும்புகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றி மறுபடி பிடித்துவிட முடியும்.

மைக்கோஃபினோலேட்டை வெறும் கையால் தொடாதீர்கள், கையுறை போடுங்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு யாராவது கொடுக்கட்டும். கழிச்சல் வந்தால் தெரிவியுங்கள், இந்த மருந்தில் அது சகஜம். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம். அதிலும் ஐபுப்ரோஃபென் போன்றவை ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும்.

அக்காவின் அன்பு புரிகிறது. ஆனால் ரோஸியின் ரத்தம் வெளியே சிந்தவில்லை. அணு உடைந்தாலும் அதிலிருந்த இரும்பில் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே இருக்கிறது. டானிக் அவளுக்கு உதவாது. உதவ நினைத்தால் வெங்காயம், பூண்டு கலந்த எதையும் அவளுக்கு ஊட்டாமல் இருக்கட்டும். அவை தனியாகவே சிவப்பணுவை உடைக்கும். பச்சை இறைச்சியும் இப்போது வேண்டாம்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். இந்த அளவு மருந்து ஓடும்போது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியைத் தவிர்ப்போம். சட்டப்படி கட்டாயமான ஊசி என்றால் அவரே முடிவெடுப்பார். உண்ணித் தடுப்பு மட்டும் ஒரு மாதம்கூடத் தவற வேண்டாம். உண்ணி பரப்பும் பபேசியா போன்ற கிருமிகளே இந்த நோயைக் கிளப்பிவிடுவதுண்டு.

கேள்வி: தோழியின் நாய்க்கு இதே நோய். என் லாப்ரடார் ரத்தம் கொடுக்கலாமா?
– இன்னொரு வாசகர்

பதில்: தாராளமாக, தகுதி இருந்தால். பொதுவாக ஒன்று முதல் எட்டு வயதுக்குள், 25 கிலோவுக்கு மேல், தடுப்பூசி எல்லாம் முடித்து, மருந்து எதுவும் சாப்பிடாத சாதுவான நாயாக இருக்க வேண்டும். இதற்குமுன் ரத்தம் ஏற்றப்பட்டிருக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் கிருமிகள் இல்லை என்றும், டி.இ.ஏ. 1 ரத்த வகை என்ன என்றும் பார்ப்பார்கள். பெறும் நாய்க்கு ஏற்கெனவே ஒருமுறை ஏற்றியிருந்தால் இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்க்கும் பொருத்தப் பரிசோதனை கட்டாயம். பெரிய நாயிடமிருந்து சுமார் 450 மில்லி எடுப்பார்கள், கழுத்து நரம்பிலிருந்து. அதனால் அன்று முழுக்கக் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போட்டு அழைத்துவாருங்கள். நிறையத் தண்ணீர் வையுங்கள். ஓட்டம், விளையாட்டு எல்லாம் ஓரிரு நாள் கழித்து.