தம்பிக்கு ஒரு பக்கம்

கேள்வி: என் சித்தி மகன் நடிகன். ஒரு படத்தில் நாயகனின் நண்பன். ஒரு வெப் சீரிஸில் எல்லா எபிசோடிலும் வரும் போலீஸ்காரர். கதாநாயகனாக நடித்த படம் இன்னும் வெளிவரவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் அவனுக்கு நானே பக்கம் எழுதினேன். 15 செய்தி இணைப்புகள் கொடுத்தும் ‘குறிப்பிடத்தக்கவர் அல்ல’ என்று நீக்கல் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். அவனைவிடச் சுமாரானவர்களுக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஒட்டியவர் மேல் கோபம் வேண்டாம். அவர் உங்கள் தம்பியின் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். பார்க்க வேண்டியதும் இல்லை. தம்பிக்குச் சம்பந்தமில்லாத யாராவது, தாமாகவே, நாலு வரிக்கு மேல் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? அவர் தேடுவது அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய 15 இணைப்புகளையும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஐந்து, படத் தரப்பு கொடுத்த பிரஸ் நோட். ஐந்து தளங்களிலும் அதே வாக்கியங்கள், ‘அறிமுகம்’ என்ற சொல்லில் அதே எழுத்துப்பிழை! நான்கு, பேட்டிகள். தன்னைப் பற்றித் தானே சொன்னதைப் படிப்பு, பிறந்த ஊர் போன்ற விவரங்களுக்கு மேற்கோள் காட்டலாம். தகுதிக்குக் காட்ட முடியாது. மூன்றில் நடித்தவர்கள் பட்டியலில் பெயர் மட்டும். ஒன்று ஐஎம்டிபி என்ற சினிமா விவரத் தளம், அங்கே விவரங்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால் விக்கியில் அதற்கு மதிப்பில்லை. மிச்சம் இரண்டு விமர்சனங்கள். ஒன்று, ‘நண்பராக வருபவரும் கச்சிதம்’ என்று கடந்து போகிறது. மற்றது வெப் சீரிஸ் விமர்சனம். அந்தப் போலீஸ்காரர் வேடத்துக்கு முழுசாக இரண்டு பத்தி ஒதுக்கி, எந்தக் காட்சியில் பிரமாதம், எங்கே தடுமாறினார் என்று எழுதியிருக்கிறது. இதுதான் சான்று. 15-ல் இது ஒன்றுதான்.

நடிகர்களுக்கென்று அங்கே ஒரு தனி அளவுகோல் உண்டு: பேசப்பட்ட படைப்புகள் பலவற்றில் முக்கியமான வேடம். ‘பல’ என்ற சொல்லில்தான் தம்பி மாட்டிக்கொள்கிறார். போலீஸ்காரர் தேறுவார். நாலு காட்சி நண்பன் தேறமாட்டான். டப்பிங் முடிந்து பெட்டியில் கிடக்கும் படம் கணக்கிலேயே வராது. ‘இன்னும் காலம் வரவில்லை’ என்று இதற்கென்றே அங்கே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

‘அவர்களுக்கு மட்டும் இருக்கிறதே’ என்பது நீக்கல் விவாதங்களில் தவறாமல் வரும் வாதம். ஆரம்பத்தில் நானும் சொல்லிப் பார்த்தவன்தான். விளைவு, நான் உதாரணம் காட்டிய பக்கத்துக்கும் அறிவிப்பு ஒட்டினார்கள்.

இந்த முறை தவறவே தவறாது என்று சொல்லமாட்டேன். இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவை, போதிய சான்றில்லை என்று 2018-ல் நிராகரித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு! மற்றவர்கள் எழுதாதவரை விக்கிக்குக் கண் தெரியாது. உங்கள் தம்பி விஷயத்திலும் அப்படி நடக்கலாம், நடந்தால் சந்தோஷம்.

இப்போது செய்யவேண்டியது: பக்கத்தை நீக்கலாமா, வைத்திருக்கலாமா என்ற விவாதம் பொதுவாக ஏழு நாள் நடக்கும். அங்கே போய், ‘நான் அவருடைய அக்கா’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லோர் பெயரிலும் கணக்குத் தொடங்கி ‘வேண்டும், வேண்டும்’ என்று எழுத வைக்காதீர்கள். அங்கே தலையை எண்ணுவதில்லை, தவிர, கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்தை நீக்காமல் வரைவுக்கு, அதாவது வெளியிடாமல் வைத்துத் திருத்தும் இடத்துக்கு, மாற்றித் தரும்படி கேளுங்கள். ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்கிவிடுவார்கள் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். அந்த வெப் சீரிஸுக்குப் பக்கம் இருந்தால், தம்பி பெயரைத் தேடுபவர் அந்தப் பக்கத்துக்குப் போகும்படி வழிமாற்றச் சொல்வதும் நல்ல யோசனை.

கேள்வி: பணம் கொடுத்தால் நீக்கப்படாத பக்கம் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
- அதே வாசகி

பதில்: கூடாது. கூலிக்கு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கியின் பயன்பாட்டு விதி. ‘நீக்கப்படாது’ என்று உத்தரவாதம் தர அங்கே எவருக்கும் அதிகாரமில்லை.

இன்னொன்றும் தம்பியிடம் சொல்லுங்கள். பக்கம் வந்துவிட்டால் அது அவர் கையில் இருக்காது. நாளைக்கு ஒரு படம் படுத்தாலோ, ஒரு வழக்கு வந்து பத்திரிகைகள் எழுதினாலோ, அதுவும் சான்றோடு அங்கே ஏறும். பிடிக்கவில்லை என்பதற்காக அழித்துவிட மாட்டார்கள்.

அந்த ஒரு விமர்சனத்தை மட்டும் இன்றைக்கே, இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். சின்னத் தளம்; மூடிவிட்டுப் போனால் கையிலிருக்கும் ஒன்றும் போய்விடும்.