ஒப்புதல் 2009இல், ஒப்பந்தம் 2018இல்

கேள்வி: ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ராணுவத்துக்கு லட்சக்கணக்கான கோடி ஒதுக்குகிறார்கள். அப்படியும் ஜவான்களுக்குக் குண்டு துளைக்காத ஜாக்கெட் போதவில்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்ததே! பணம் இல்லையா, மனம் இல்லையா?
– வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: பணம் இருந்தது. 2018 ஏப்ரலில் 1,86,138 ஜாக்கெட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மதிப்பு 639 கோடி ரூபாய். ஓர் உயிரைக் காக்கும் ஜாக்கெட் 35,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. 36 ரஃபேல் விமானங்களுக்கு ஆன ஏறக்குறைய 59,000 கோடியோடு ஒப்பிட்டால், ஒரு விமானத்தின் பங்கில் இந்த ஒப்பந்தத்தை இரண்டு முறை போட்டிருக்கலாம்.

இப்போது அந்த 1,86,138 என்ற எண்ணை மறுபடி பாருங்கள். 2009 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் கொடுத்ததும் இதே எண்ணிக்கைக்குத்தான். மொத்தத் தேவை 3,53,755. அதில் முதல் தவணை இது. ஒப்புதலுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே எட்டரை ஆண்டுகள். இடையில் ஆட்சியும் மாறியது. ஆக, காங்கிரஸ் கூட்டணி, பாஜக கூட்டணி இரண்டுமே இதற்குப் பொறுப்பு. டெண்டர் வெளிவரவே மூன்றாண்டு ஆனது. போட்டியிட்ட நிறுவனங்களின் ஜாக்கெட்டுகள் சோதனையில் தேறவில்லை என்று 2015இல் அது ரத்தானது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த படைக்கு 2016இல் இடைக்கால ஏற்பாடாக 50,000 ஜாக்கெட் வாங்கினார்கள். கோப்பு நகர்ந்த இந்த ஆண்டுகளில் காஷ்மீரில் ரோந்து ஒரு நாளும் நிற்கவில்லை.

சோதனையில் ஏன் தோற்கிறார்கள்? ஜாக்கெட் என்பது துணி இல்லை. அதற்குள் செருகும் பிளேட் என்ற கெட்டித் தகடுதான் உயிர்நாடி. பிளேட்டின் முன்பக்கம் செராமிக், பின்பக்கம் பாலிஎத்திலீன் அல்லது அராமிட் என்ற உறுதியான செயற்கை இழை அடுக்கு. விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் வரும் ஏகே-47 தோட்டாவின் முனையைச் செராமிக் நொறுக்கும். சிதறலைப் பின்னடுக்கு பிடிக்கும். பிளேட்டைத் துளைக்காமல் தோட்டா நின்றால் மட்டும் போதாது. பின்பக்கம் உள்ளே புடைத்து நெஞ்சில் இடித்தாலே விலா உடையும், நுரையீரல் கிழியும். அதனால் பிளேட்டுக்குப் பின்னால் களிமண் வைத்துச் சுட்டு, பள்ளத்தின் ஆழத்தை அளக்கிறார்கள். அமெரிக்க நீதித் துறையின் தரப்படி 44 மில்லிமீட்டரைத் தாண்டினால் தோல்வி.

அடுத்தது எடை. உருக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், அலுமினா செராமிக் 3.9, போரான் கார்பைடு செராமிக் 2.5. எடையைக் குறைத்தால் விலை ஏறும். நம் கொள்முதலில் தேறியவர்களுக்குள் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். மலையேறும் ஜவானின் தோளில் இரண்டு கிலோ குறைவதற்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. தாங்க முடியாத எடை என்றால் பக்கவாட்டுப் பிளேட்டைக் கழற்றி முகாமிலேயே வைத்துவிடுவார்கள். அந்த இடம் திறந்துவிடும்.

தோட்டாவும் மாறிவிட்டது. மென் உருக்கை உள்கருவாக (தோட்டாவின் நடுவில் உள்ள உலோகமாக) கொண்ட தோட்டாவைத் தடுக்கும் பிளேட், கடினமாக்கிய உருக்குக் கருவின் முன் நிற்பதில்லை. 2017 டிசம்பர் 31 அன்று புல்வாமா மாவட்டம் லெத்போராவில் சிஆர்பிஎஃப் முகாமைத் தாக்கியவர்கள் இந்த வகைத் தோட்டாவைப் பயன்படுத்தியதாக விசாரணையில் தெரிந்தது. கோப்பு ஆண்டுக்கணக்கில் நகர்வதற்குள் எதிரியின் தோட்டா மாறிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டுக்கென்று இந்தியத் தரம் (ஐஎஸ் 17051) வந்ததே 2018இல்தான்.

ஜாக்கெட் மட்டுமா? சியாச்சின், லடாக் வீரர்கள் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பனிக் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனி பூட்ஸ் வழங்காததால் பழையதையே சரிசெய்து போட்டிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் செய்தியாகி அதோடு போனது.

பிரிட்டனில் இதே தவறு நடந்தது. 2003 மார்ச் 24, இராக்கின் சுபைர். சார்ஜென்ட் ஸ்டீவ் ராபர்ட்ஸ் கொல்லப்பட்டார். கவசங்கள் போதாததால் சில நாள் முன்புதான் தன்னுடையதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். மரண விசாரணை வெளிப்படையாக நடந்தது. கூடுதல் கவசத்துக்கு ஆர்டர் போடுவது அமைச்சர் மட்டத்தில் எட்டு வாரம் தேங்கியதை அது அம்பலமாக்கியது. போருக்குத் தயாராவது வெளியே தெரியக் கூடாது என்பது அரசின் கவலை. மன்னிக்க முடியாத தாமதம் என்று 2006இல் அந்த மரண விசாரணையை நடத்திய அதிகாரி பதிவுசெய்தார். இங்கே ராணுவ விசாரணை அறிக்கை ராணுவத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த மேசையில் எத்தனை மாதம் கோப்பு கிடந்தது என்பது செத்தவரின் வீட்டாருக்குத் தெரிவதில்லை. மனம் இல்லையா என்று கேட்டீர்களே, காலதாமதத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதான் என் பதில்.

உங்கள் மாவட்டத்தில் படையில் பிள்ளை இல்லாத ஊர் குறைவு. விடுமுறையில் வருபவரிடம் சொல்லுங்கள்: பிளேட்டைக் கீழே போடக் கூடாது, அதன் மேல் உட்காரக் கூடாது. செராமிக்கில் விழும் விரிசல் உறைக்குள் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். ஆட்டினால் உள்ளே கறகறவென்றால் உடனே மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். சத்தம் வராததால் நல்ல பிளேட் என்றும் ஆகிவிடாது. உறையில் தயாரிப்பு ஆண்டும், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

உங்கள் எம்.பி.யிடம், எத்தனை கோடி ஒதுக்கினீர்கள் என்று கேட்காதீர்கள். எத்தனை ஜாக்கெட் ஜவான் கையில் சேர்ந்தது, எந்தத் தோட்டாவைத் தாங்கும், காலாவதி எப்போது, டெண்டருக்குக் காட்டிய மாதிரியை மட்டும் சுட்டுப் பார்த்தார்களா, வந்து இறங்கிய ஒவ்வொரு லாட்டிலும் எடுத்துச் சுட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.