மாநகராட்சி நடுநிலைப் பள்ளிகளில் மதிப்பெண் குறைவாக இருப்பதற்குப் பிள்ளைகளின் குடும்பப் பின்னணிதான் காரணமா?

வடசென்னையில், காசிமேட்டுக்கு அருகிலுள்ள ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு நடத்திவருகிறேன். பின்னணிக்குப் பங்கு உண்டு என்பதே என் பதில். ஆனால் பின்னணி என்றதும் எல்லோரும் நினைக்கிற சாதி, வருமானம், பெற்றோரின் படிப்பு ஆகியவற்றைவிட, ஒரு பிள்ளை ஒரே பள்ளியில் எத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் படித்தது என்பதே என் வகுப்புகளில் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானித்திருக்கிறது.

முதலில் தேர்ச்சி விழுக்காட்டை ஒதுக்கிவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தேர்ச்சி இல்லை என்று நிறுத்திவைப்பதில்லை. 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று இங்கே அறிவிக்கப்பட்டது, 2020 பிப்ரவரியில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே பள்ளிகளை ஒப்பிட எஞ்சுவது வகுப்புச் சராசரி மட்டுமே. அது எவ்வளவு எளிதில் புரளும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், சராசரி 55 என்றால் மொத்தம் 1,650. ஆளுக்கு 85 வாங்கும் நால்வர் வேறு பள்ளிக்குப் போய்விட, ஆளுக்கு 25 வாங்கும் நால்வர் புதிதாக வந்து சேர்ந்தால், மொத்தம் 1,410 ஆகவும் சராசரி 47 ஆகவும் இறங்கிவிடும். மற்ற 26 பேரும் பழைய மதிப்பெண்ணையே வாங்கியிருப்பார்கள், பாடம் நடத்தியவரும் மாறியிருக்க மாட்டார், ஆனாலும் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பள்ளி எட்டு மதிப்பெண் சரிந்த பள்ளி.

இது ஒவ்வொரு ஜூன் மாதமும் உண்மையாகவே நடக்கிறது. நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளோ ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கும். பிள்ளையின் படிப்பில் மிகுந்த அக்கறையுள்ள பெற்றோர், பிளஸ் டூ வரை ஓரிடத்திலேயே படிக்கட்டும் என்று ஐந்தாம் வகுப்பு முடிந்ததுமே டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு மருத்துவ இடஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு உதவித்தொகை தரும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருப்பதை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மேல்நிலைப் பள்ளியைத் தேடித்தான் போகிறார்கள்.

எங்களிடம் வருபவர்கள் வேறு வழியில் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகு வேலையை நம்பிய வீட்டில் பணம் வற்றிப்போயிருக்கும் அதே வாரங்களில்தான் தனியார் பள்ளி ஆண்டுக் கட்டணத்தைக் கேட்கும். கட்ட முடியாமல் போன குடும்பத்தின் பிள்ளை, பழைய பள்ளியின் பாக்கி தீராததால் டி.சி.கூட இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நிற்கும். சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் இந்த இடைவெளியில் ஆறாம் வகுப்பின் தொடக்கப் பாடங்கள் கைவிட்டுப்போயிருக்கும். அப்படி வரும் பிள்ளையின் முகத்தில், தன் குடும்பத்தின் தோல்விக்குத் தானே காரணம் என்பது போன்ற ஒரு கூச்சம் இருக்கும். அதைப் போக்குவதற்கே எனக்குச் சில வாரங்கள் ஆகும்.

குடியிருப்பு மாறுவதும் இத்தகையதே. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. நகரின் நடுவிலிருந்து அது 20 கிலோமீட்டருக்கும் மேல். பள்ளியாண்டின் நடுவில் வீடு மாறும் பிள்ளை, பழைய பள்ளிக்குப் பேருந்தில் வர முடியாமலும் புதிய பள்ளியில் இன்னும் சேராமலும் வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் அதன் பெயர் ஏதோ ஒரு பள்ளியில் இருந்துகொண்டேயிருக்கும், பிள்ளைதான் எங்கும் இருக்காது.

பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதால், இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்ட 12 வயதுச் சிறுவனும் ஏழாம் வகுப்பில்தான் உட்காருவான். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதைத் தனி நேரம் ஒதுக்கிச் செய்கிற பள்ளியில் அந்தப் பிள்ளை தேறிவிடுகிறது. நெடுவகுத்தலை என்னைவிட விரைவாகப் போட்டுக் காட்டிய மாணவன் ஒருவன், அதே வகுத்தல் “ஒரு பழக்கடைக்காரர்” என்று தொடங்கும் வாக்கியக் கணக்காக வந்தபோது ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பித் தந்தான். பக்கத்தில் இருந்தவன் அரைகுறை இந்தியில் பொருள் சொன்னதும் ஒரே நிமிடத்தில் விடை வந்தது. அவன் மதிப்பெண் பட்டியலில் கணக்கில் பின்தங்கியவன் என்று இருந்தது; பின்தங்கியிருந்தது அவன் தமிழ் மட்டுமே. தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகளை ஆங்கிலவழிப் பிரிவில் போட்டாலும் நான் காண்பது இதே தடுமாற்றம்தான்.

வருகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய் விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போய்விட்டால், தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு நிற்பது ஏழாம் வகுப்பு படிக்கும் மூத்த பெண்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1 முதல் 5 வகுப்பு வரை என்று வகுக்கப்பட்டது. சென்ற ஆண்டு வரை பள்ளியில் காலையில் சாப்பிட்ட பிள்ளை, அதே கட்டடத்தில் மாடியேறி ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்குப் பாடம் பெரும்பாலும் முதல் பாடவேளை. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 1 முதல் 8 வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2019இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்பே நேரில் நடக்கவில்லை. அவர்கள் 2024இல் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, கடன் வாங்கிக் கழிப்பதிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, “இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்று ஆசிரியர் அறையிலேயே சிலர் சொல்வதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பள்ளியின் பங்கு பெரியது. 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளைப் பெரும்பாலும் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள்தான் தாங்குகிறோம். அதில் ஒரு பணியிடம் ஓராண்டு காலியாக இருந்தால், அறிவியலோ கணக்கோ அந்த ஓராண்டு முழுவதும் நடக்காமலே போகும். அந்தப் பள்ளத்தை எந்தக் குடும்பப் பின்னணியின் மேலும் ஏற்றிச் சொல்ல முடியாது.

எனவே உங்கள் தெருவிலுள்ள நடுநிலைப் பள்ளியை எடைபோட விரும்பினால் எட்டாம் வகுப்புச் சராசரியைக் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்து எட்டு வரை அங்கேயே படித்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் ஆறில் என்ன வாங்கினார்கள், எட்டில் என்ன வாங்கினார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேரைத் தயார்ப்படுத்தினார்கள் என்றும் கேளுங்கள்; தேர்வானவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும், அதற்காக மாலையில் கூடுதல் வகுப்பு எடுக்கும் பள்ளியில் மற்ற பாடங்களும் ஒழுங்காக நடப்பதையே நான் கண்டிருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் கணக்கு ஆசிரியர் இந்த ஆண்டு இருக்கிறாரா என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள்.